கடலுக்குள் ஒரு காமிரா

 

கடல்நீர் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி சூடேறி, சில வாரம் அப்படியே நின்றால், பவளம் தனக்கு உணவூட்டும் நுண்பாசியை வெளியேற்றி வெளுத்துப் போகும். இதை வரைபடம் போட்டுச் சொன்னால் யார் கேட்கிறாங்க? 2017-ல் வந்த 'சேஸிங் கோரல்' ஆவணப்படம் இதைக் கண்ணெதிரே காட்டியது.

அதற்கென்றே உருவாக்கி, கடலடியில் நிறுத்திய தானியங்கி காமிராக்கள் ஃபோகஸ் தவறிக் காலை வாரிவிட்டன. குழு சோர்ந்துவிடவில்லை. 2016-ல் ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவருகே தினமும் மூழ்கி, அதே இடம், அதே கோணம் என்று கையாலேயே படமெடுத்தார்கள். வெளுத்த பவளம் செத்துப் பாசி படர்வதைப் பார்க்கும்போது நெஞ்சு பதைக்கும்.

அளந்து சொன்னதோடு நம் கடமை முடிஞ்சுதுன்னு இருக்காதீங்க. அளந்ததை ஊர் கண்ணில் காட்டுவதும் இன்ஜினீயர் வேலைதான், தம்பிகளே!