அரங்கேறும் பாடலும் ஆக்கியோன் உரிமையும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் ஏறுவோர் கல்வி, ஒழுக்கம், தொண்டு என்பன பற்றிப் பேசுவது வழக்கம். இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருளோ சட்டத்தோடு தொடர்புடையது. சட்டம் என்றதும் இளைஞர்க்குக் கொட்டாவியும் பெரியோர்க்கு வீட்டு நினைவும் வருவது இயல்பே. ஆயினும் எமது பிள்ளைகள் பாடசாலை மேடையிலே பாடும் பாட்டும் ஆடும் நாட்டிய நாடகமும் யாருடையவை, அவற்றை மேடையேற்ற யாருடைய இசைவு வேண்டும் என்னும் வினா இங்குள்ள ஒவ்வொரு குடும்பத்தையும் தொடுவதாகும். ஆதலால் சிறிது பொறுமையோடு செவிசாய்க்குமாறு வேண்டுகின்றோம்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கலைவிழாவிலே மாணவர் நாட்டிய நாடகம் ஒன்றை நடித்தனர். மண்டபம் நிறைந்த கூட்டம். திரை விழுந்ததும் கரகோஷம் அடங்க நெடுநேரம் சென்றது. அந்நாடகத்தையும் அதன் பாடல்களையும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஓய்வுக்காலத்தில் எழுதியிருந்தார். அச்சிட்ட நிகழ்ச்சி நிரலில் நெறியாள்கை, பக்கவாத்தியம், ஒப்பனை, ஒலி, ஒளி, பந்தல் என எல்லார் பெயரும் இருந்தன. எழுதியவர் பெயர் மாத்திரம் இல்லை. நேரம் போதாதென்று கடைசிக் காட்சியையும் வெட்டி, சோகமாய் முடியவேண்டிய கதையைக் கும்மியோடு முடித்திருந்தார்கள். அவர் பின் வரிசையில் அமர்ந்திருந்தார். அருகே சென்று நாம் ஏதோ சமாதானம் சொல்ல முயன்றபோது, “பெயர் போகட்டும் தம்பி, அந்தப் பிள்ளை சாகாமல் விட்டால் கதையே இல்லையே” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. குடையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

அன்பர்களே, அந்நிகழ்ச்சியை ஒழுங்கு செய்த குழுவில் நாமும் இருந்தோம். தீய எண்ணம் எவர்க்கும் இருந்ததில்லை. கேட்கவேண்டும் என்ற நினைவே எழவில்லை. அதுவே குற்றம்.

ஆக்கியோனை மதித்தல் எமக்குப் புதிய செய்தியன்று. ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் சொல்லப் புகுந்த நன்னூலார், அதில் இருக்கவேண்டிய எட்டுப் பொருள்களுள் முதலாவதாக வைத்தது ஆக்கியோன் பெயரையே. நூலின் பெயர்கூட அதற்குப் பின்னரே வருகின்றது. கீர்த்தனை பாடுவோர் சரணத்திலே தியாகராசர் முதலியோரின் முத்திரை வருமிடத்தில் அதை விழுங்கிவிட்டுப் பாடுவதில்லை. புலவர்க்குப் பரிசில் கொடாது பாட்டை மாத்திரம் வைத்துக்கொள்வது பண்டைக்காலத்தில் பழிக்குரிய செயலாயிருந்தது. அந்தப் பண்பையே பிற்காலத்தார் சட்டமாக வகுத்தனர்.

நூலாசிரியர்க்கு உரிமை வழங்கிய முதற் பெருஞ்சட்டம் 1710 இல் இங்கிலாந்தில், ஆன் அரசியார் காலத்தில் நடைமுறைக்கு வந்தது. பாட்டுக்காரர் கதை இன்னும் சுவையானது. 1847 இல் பாரிஸ் நகரத்துச் சிற்றுண்டிச்சாலை ஒன்றில் ஏர்னெஸ்ட் பூர்ஜே என்னும் பாடலாசிரியர் அமர்ந்திருந்தபோது அவருடைய பாடலையே அங்கே பாடினார்கள். குடித்த பானத்திற்குப் பணம் கேட்டபோது, “என் பாட்டுக்கு நீர் பணம் தரவில்லை; உமது பானத்திற்கு நான் ஏன் தரவேண்டும்?” என்ற கருத்துப்பட அவர் மறுத்தார். வழக்கு நடந்து அவர் வென்றார். அதன் பயனாக 1851 இல் பாடலாசிரியர், இசையாசிரியர், வெளியீட்டாளர் ஆகியோரின் சங்கம் ஒன்று பிரான்சில் எழுந்தது. அவ்வகைச் சங்கங்கள் இன்று பல நாடுகளில் உள்ளன. 1886 இல் பேர்ண் நகரில் நாடுகள் கூடி, ஒரு நாட்டு எழுத்தாளரின் உரிமையை மற்ற நாடுகளும் காக்க வேண்டும் என்று உடன்படிக்கை செய்தன. இலங்கையும் அதில் ஓர் உறுப்பு நாடு.

இனி எமது நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். 1979 ஆம் ஆண்டின் 52 ஆம் இலக்கச் சட்டத்திற்குப் பதிலாக வந்தது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன்படி ஒரு பாடலோ நாடகமோ ஆக்கப்பட்ட அப்பொழுதே பாதுகாப்புப் பெறுகின்றது. பதிவு செய்யவேண்டியதில்லை, முத்திரை குத்த வேண்டியதில்லை. பாதுகாப்பு ஆசிரியரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்தபின் 70 ஆண்டுகளும் நிலைக்கும். படியெடுத்தல், மொழிபெயர்த்தல், மாற்றியமைத்தல், பொதுமக்கள் முன் நிகழ்த்தல், ஒலிபரப்பல் ஆகியன அவர் இசைவோடு நடக்கவேண்டியவை. இவை பொருளாதார உரிமைகள். இவையன்றி ஒழுக்க உரிமைகள் எனப்படுவனவும் உண்டு. அவற்றுள் ஒன்று, தம் பெயரைக் குறிப்பிடச் செய்யும் உரிமை; மற்றொன்று, தம் புகழுக்குக் கேடாகப் படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமை. அந்தத் தமிழாசிரியர் சட்டம் படித்தவரல்லர். ஆயினும் அன்றிரவு நாம் அவருக்குச் செய்த பிழை இரண்டும் இவ்விரண்டையும் தொட்டனவே.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். சுவாமி விபுலானந்தர் 1947 இல் மறைந்தார். எழுபதாண்டு 2017 உடன் நிறைவெய்தியது. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் 1953 இல் மறைந்தார். 2023 உடன் நிறைவெய்தியது. ஆகவே ஆடிப்பிறப்பைப் பாடும் சிறார்க்கு எவர் இசைவும் தேவையில்லை. புலவர் பெயரைச் சொல்லும் நன்றி மாத்திரம் போதும். ஆனால் “கோடை”, “புதியதொரு வீடு” முதலிய பாநாடகங்களைத் தந்த மஹாகவி 1971 இல் மறைந்தவர். அவருடைய எழுத்து 2041 வரை பாதுகாப்புக்குரியது. இந்தியச் சட்டத்தில் இக்காலம் 60 ஆண்டு. பாபநாசம் சிவன் 1973 இல் மறைந்தவராகையால், அந்நாட்டில் அவர் கீர்த்தனைகளுக்கு 2033 வரை பாதுகாப்பு உண்டு. பழையது என்று நாம் நினைப்பதெல்லாம் பழையதன்று.

அரிச்சந்திரன் கதை எல்லார்க்கும் பொது. அதனை ஒருவர் நாடகமாக எழுதிய எழுத்து அவருடையது. ஒரு சினிமாப் பாட்டிலோ சொல் ஒருவருடையது, இசை இன்னொருவருடையது, ஒலிப்பதிவு வேறொருவருடையது. இறுவட்டைச் சுழலவிட்டுப் பிள்ளைகளை ஆடவைக்கும்போது இம்மூவரும் கண்ணுக்குத் தெரியாமல் மேடையில் நிற்கின்றனர். சினிமா மெட்டுக்கு வேறு சொற்களைப் பொருத்திப் பாடசாலைப் பாட்டாக்குவதும் மாற்றியமைத்தலே. ஆசிரியர் ஒருவர் பதவிக் கடமையின் பகுதியாக எழுதியதாயின் பொருளாதார உரிமை பணிகொள்வோரைச் சேரக்கூடும். பெயருக்குரிய உரிமையோ அவரை விட்டு நீங்குவதில்லை.

“பாடசாலை வியாபாரத் தலமா? பிள்ளைகள் பாடுவதற்கும் கட்டணமா?” என்று பெரியோர் கேட்பது நியாயமே. சட்டம் செய்தோரும் அதை எண்ணாமல் விடவில்லை. இங்கிலாந்தின் 1988 ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆசிரியரும் மாணவரும் பாடசாலை நடவடிக்கையின் பகுதியாகத் தமக்குள்ளே நடிப்பதும் பாடுவதும் பொது நிகழ்த்துகையாகா. ஆனால் பெற்றோர் என்ற ஒரே காரணத்தால் ஒருவர் பாடசாலையோடு நேரடித் தொடர்புடையவராகார் என்று அச்சட்டம் கூறுகின்றது. தாய் தந்தையர் வந்து அமர்ந்தால் அனுமதி வேண்டும் என்பது அதன் பொருள். இந்தியச் சட்டமோ பெற்றோரையும் பாதுகாவலரையும் பாடசாலை அவைக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. அன்றியும், தொழில்முறையல்லாத ஒரு கழகம் கட்டணமின்றி நடத்தும் நிகழ்ச்சிக்கும், சமய நிறுவனமொன்றின் நன்மைக்காக நடத்தும் நிகழ்ச்சிக்கும் அது விலக்களிக்கின்றது. அமெரிக்கச் சட்டத்தில், நிகழ்த்துவோர்க்கும் ஒழுங்கு செய்வோர்க்கும் ஊதியம் இல்லாமல், வரும் பணம் கல்விக்கோ அறத்திற்கோ சேருமாயின், உரிமையாளர் எழுத்து மூலம் மறுக்காதவிடத்துப் பாட்டுக் கச்சேரி நடத்தலாம். ஆனால் நாடகத்திற்கும் இசை நாடகத்திற்கும் அச்சலுகை இல்லை.

எமது சட்டத்தில் நியாயமான பயன்பாடு என்னும் ஏற்பாடு உண்டு. அதை நிறுக்கும்போது பயன்பாட்டின் நோக்கம் வாணிகமா, இலாபமற்ற கல்வியா என்பதும், படைப்பின் தன்மையும், எடுத்துக்கொண்ட அளவும், அதனால் படைப்பின் சந்தைக்கு வரும் பாதிப்பும் கருதப்படும். வகுப்பறையில் ஒரு பாட்டைக் கற்பிப்பதும், அனுமதிச் சீட்டு விற்று நகர மண்டபத்தில் முழு நாடகம் நடத்துவதும் இத்தராசில் ஒரே நிறையாய் நில்லா என்பதை நாமே உணரலாம்.

முழு இசை நாடகத்திற்கு வழி வேறு. தனிப்பாட்டை மேடையில் பாடும் உரிமையைப் பெரும்பாலும் இசைச் சங்கங்கள் கூட்டாக வழங்கும். கதை, உரையாடல், பாட்டு, ஆட்டம் எல்லாம் சேர்ந்த நாடகத்தை நடிப்பதற்கோ உரிமையாளரிடமோ அவர் நியமித்த நிறுவனத்திடமோ தனியே அனுமதி பெறவேண்டும். “ஒலிவர்”, “த சவுண்ட் ஒவ் மியூசிக்” போன்ற ஆங்கில இசை நாடகங்களைப் பாடசாலைகள் நடிக்க விரும்பினால், எத்தனை காட்சி, எத்தனை ஆசனம், சீட்டு விலை என்ன என்று எழுதி அனுமதி கேட்கின்றன. கட்டணம் அதற்கேற்ப அமைகின்றது. சொல்லை மாற்றவோ பாட்டை நீக்கவோ தனி அனுமதி வேண்டும். காணொளியாக எடுத்து இணையத்தில் ஏற்றுவது இன்னொரு தனி உரிமை. இக்காலத்தில் கடல் கடந்திருக்கும் பேரன் பேத்தியர் பார்க்கட்டும் என்று நாம் யூரியூப்பில் ஏற்றிவிடுகின்றோம். மேடைக்குப் பெற்ற அனுமதி அதற்குப் போதாது என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

“கலை பொதுச்சொத்து, அதற்கு வேலி எதற்கு?” என்று இளைஞர் கேட்கக்கூடும். அவர்க்குப் பாரதியார் கதையே விடை. 1921 இல் வறுமையில் மறைந்த அம்மகாகவியின் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை தனியார் கைகளில் மாறி, பட முதலாளி ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1948 இல் வெளிவந்த “பில்ஹணன்” படத்தில் பாரதி பாடல் ஒன்றைச் சேர்த்ததற்காக ரி. கே. எஸ். சகோதரர் மீது சட்ட நடவடிக்கை எழுந்தது. பாரதி மக்கள் சொத்தாகவேண்டும் என்று எழுத்தாளரும் கலைஞரும் கிளர்ந்தனர். செட்டியார் தம் உரிமையைப் பணம் பெறாமலே விட்டுக்கொடுத்தார். 1949 இல் சென்னை அரசு உரிமைகளை ஏற்றுக் கவியின் மனைவியார்க்கும் புதல்வியர்க்கும் பணம் வழங்கியது. பின்னர் அப்பாடல்கள் எல்லார்க்கும் பொதுவாயின. இதில் இரண்டு பாடம் உண்டு. உரிமை என்னும் வேலி அளவுக்கு மீறி உயர்ந்தால் பாட்டு மக்களிடமிருந்து பிரிந்துவிடும். ஆயினும் அவ்வேலியை நீக்கியவர்கள் இரவிலே பிடுங்கவில்லை. உரியவர் இசைவோடும் குடும்பத்திற்குக் கைம்மாறோடும் வெளிப்படையாக நீக்கினார்கள்.

ஆகவே மன்றத்தார்க்கும் பாடசாலைகளில் விழா நடத்துவோர்க்கும் சில வேண்டுகோள்களை விடுக்கின்றோம். ஒத்திகை தொடங்குமுன் ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர் யார், இசையமைத்தவர் யார் என்று ஒரு பட்டியல் எழுதுக. உயிரோடிருப்பவரிடம் நேரிலும், மறைந்தவரின் குடும்பத்தாரிடம் கடிதத்தாலும் இசைவு கேட்டு, விடையை எழுத்தில் பெற்றுக் கோவையில் வைக்குக. நிகழ்ச்சி நிரலின் முதல் வரியில் ஆக்கியோன் பெயரை அச்சிடுக. வெட்டவும் ஒட்டவும் வேண்டின் முன்பே கேட்குக. சீட்டு விற்பதாயின் உரிமையாளர்க்கு உரியதை வரவுசெலவில் மண்டப வாடகைக்கு அருகே எழுதுக. எல்லாவற்றிலும் மேலாக, எமது இளைஞரே புதிய பாட்டும் நாடகமும் எழுத முன்வருக. நாளை அவர்கள் பெயரையும் எவரேனும் விடுவாராயின் அன்று அவர்க்கு எப்படியிருக்கும் என்பதை இன்றே நினைக்குக.

இறுதியாக ஒன்று. அந்தத் தமிழாசிரியர் இப்பொழுது இல்லை. இன்று மாலை எமது இளைஞர் நடிக்கவிருப்பது அவருடைய அதே நாடகம். மூன்று மாதங்களுக்கு முன் அனுமதி கேட்டு அவர் மகள் வீட்டுக்குச் சென்றோம். பழைய பிழையையும் சொன்னோம். அவர் கையெழுத்துப் பிரதியைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தார். கட்டணம் என்ன என்று கேட்டோம். “கடைசிக் காட்சியை வெட்டாதீர்கள், அப்பாவின் பெயர் போட்ட நிகழ்ச்சி நிரல் ஒன்று தாருங்கள்” என்றார். அவர் இன்று முன் வரிசையில் அமர்ந்திருக்கின்றார். நிரலும் அவர் கையில் இருக்கின்றது. தந்தையாரிடம் கேட்கவேண்டியதைக் காலந்தாழ்த்தி மகளிடம் கேட்டோம் என்ற குறை எமக்கு என்றும் உண்டு. இனி வருவோர் காலந்தாழ்த்தாதிருப்பாராக.