மூக்கைப் பிடித்துப் பத்து நிமிடம்

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் முதலுதவி குறித்து ஆற்றிய உரை)



நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லித் தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஜூன் மாத வெயிலில் காலை வழிபாட்டுக் கூட்டம். ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்குச் சில்லுமூக்கு உடைந்து சட்டையெல்லாம் இரத்தம். ஓடிப்போய் அவனைப் பெஞ்சில் படுக்கவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, உச்சியில் தண்ணீர் ஊற்றினேன். சிறு வயதில் என் அம்மா எனக்குச் செய்தது அதுதான். வடிவது நின்றதுபோலத் தெரிந்தது. சற்று நேரத்தில் அவன் எழுந்து இரத்தமாக வாந்தி எடுத்தான். பிள்ளைகள் அலறினார்கள். எனக்குக் கை கால் ஓடவில்லை.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் திட்டவில்லை. "இரத்தம் நிற்கலைங்க டீச்சர், தொண்டைப் பக்கம் திரும்பியிருக்கு. பையன் அதை விழுங்கியிருக்கான்" என்றார். அது மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால்? அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது எல்லோரும் உங்கள் மூக்கைப் பிடியுங்கள். பாருங்கள், பாதிப்பேர் கண்ணுக்கு அருகில் எலும்பைப் பிடித்திருக்கிறீர்கள்! கொஞ்சம் கீழே வாருங்கள். எலும்பு முடிந்து மெத்தென்று இருக்கிறதே, அந்த இடம். இரண்டு துளைகளுக்கும் நடுவிலுள்ள சுவரின் முன்பகுதியில் மெல்லிய இரத்தக் குழாய்கள் கூடுகின்றன. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அங்கேதான் உடைகிறது. வெயிலில் மூக்கு உலர்வதும், விரல்விட்டு நோண்டுவதும் முக்கியக் காரணங்கள்.

குழந்தையை உட்காரவைத்துத் தலையை முன்பக்கம் குனியச் செய்யுங்கள். மென்பகுதியை இரு விரலால் அழுத்திப் பிடியுங்கள். வாயால் மூச்சுவிடட்டும், வாயில் வரும் இரத்தத்தைத் துப்பட்டும். பத்து நிமிடம். இதில்தான் நாம் தோற்கிறோம். இரண்டு நிமிடத்தில் "நின்னுடுச்சா?" என்று கையை எடுத்துப் பார்ப்போம்; உறையத் தொடங்கியது கலைந்துவிடும். கடிகாரத்தைப் பாருங்கள், மூக்கைப் பார்க்காதீர்கள். நிற்காவிட்டால் இன்னொரு பத்து நிமிடம். அப்போதும் நிற்காவிட்டால் மருத்துவமனைதான். பஞ்சைத் திணிக்க வேண்டாம். எடுக்கும்போது மறுபடி உடையும். நின்ற பிறகு அன்று முழுக்க மூக்கைச் சிந்தக் கூடாது, விளையாட்டு வகுப்புக்கும் விடுப்பு.

தலையில் பலமாக அடிபட்டு மூக்கிலோ காதிலோ இரத்தம் வந்தால் கதை வேறு. அங்கே மூக்கை அழுத்தக் கூடாது, உடனே 108.

வெட்டுக்காயத்துக்கும் வேலை அதேதான்: அழுத்துவது. சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து விடாமல் அழுத்துங்கள். துணி நனைந்தால் எடுக்காமல் அதன்மேல் இன்னொன்று. சத்துணவுக் கூடத்திலிருந்து யாராவது காப்பித்தூளோ மஞ்சள்தூளோ கொண்டு ஓடிவருவார்கள். அன்போடுதான் வருகிறார்கள், வாங்கி ஓரமாக வைத்துவிடுங்கள். காயத்தில் அழுக்குச் சேரும், மருத்துவர் அதைக் கழுவியெடுக்கும்போது குழந்தைதான் துடிக்கும். கண்ணாடித் துண்டோ ஆணியோ ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். இரத்தத்தை அடைத்துக்கொண்டிருப்பதே அதுவாக இருக்கலாம். அதன் இருபுறமும் அழுத்தியபடி கொண்டுசெல்லுங்கள். பீறிட்டு அடித்தால் ஒருவர் அழுத்த, இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும்.

கையுறை இல்லையென்றால் சுத்தமான பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்று. சேர்க்கையின்போதே பெற்றோரிடம், "சின்னக் காயத்துக்கும் இரத்தம் நிற்க நேரமாகுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள. ஹீமோபிலியா உள்ள குழந்தைக்கு இரத்தம் எளிதில் உறையாது. அழுத்திக்கொண்டே தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த விவரம் வகுப்பாசிரியர் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால், அவர் விடுப்பில் இருக்கும் நாளில்தான் அது தேவைப்படும்.

அந்தப் பையனுக்கு அதே ஆண்டில் மீண்டும் ஒருமுறை உடைந்தது. நான் பக்கத்தில் போவதற்குள் அவனே குனிந்து உட்கார்ந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு, "டைம் பாருங்க டீச்சர்" என்றான்.

மேசையில் துணிச்சுருளும் கையுறையும் வைத்திருக்கிறேன். இருவர் இருவராக வாருங்கள், செய்து பார்ப்போம்.