ஹந்தானை அடிவாரத்திலிருந்து ஒரு கோச்சிப் பயணம்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஹந்தானை மலையை அண்ணாந்து பார்த்தபடியே வாழ்கிறோம் நாம். அதற்கப்பால் விரிந்து கிடக்கும் மலைநாட்டை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? பஸ்ஸில் போனால் வளைவுக்கு வளைவு தலை சுற்றும். கோச்சியிலோ மலைதான் நம்மைச் சுற்றி வரும். ஆகையால் இவ்விடுமுறையில் கோச்சியேறிப் புறப்படுவோம் என்பதே நாம் சொல்ல வந்த விஷயம்.

மாத்தளைக்கு ஒரு கிளைப்பாதை உண்டு, 1880இல் திறந்தது. அதற்கு அரைநாள் போதும். கொழும்புப் பக்கமாகக் கடுகண்ணாவை இறக்கம்: செங்குத்தான சரிவு. ஆனால் பெரிய பயணம் என்பது பேராதனைச் சந்தியில் பிரிந்து, நாவலப்பிட்டி, ஹட்டன், நானுஓயா, பண்டாரவளை வழியே பதுளைக்குப் போவதுதான். வழியிலுள்ள பட்டிப்பொல ஏறக்குறைய 1,890 மீற்றர் உயரம். இலங்கையில் அதனினும் உயர்ந்த நிலையம் இல்லை. அதற்கப்பால் சுரங்கத்தைக் கடந்ததும் காற்றும் வெயிலும் மாறிவிடும். தெமோதரையிலோ பாதை மலையைச் சுற்றி வந்து, தன் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைகிறது!

இப்பாதை உல்லாசப் பயணிக்காகப் போட்டதன்று. 1867இல் கண்டிக்குக் கோச்சி வந்தது கோப்பி மூட்டை ஏற்ற. அதே ஆண்டில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டார். கோப்பியை நோய் அழித்தபின், தேயிலையை நாடிப் பாதை மேலேறி 1885இல் நானுஓயாவையும் 1924இல் பதுளையையும் அடைந்தது. மிஷன் பாடசாலையில் மலைகளின் உயரங்களை மனப்பாடம் செய்தோம். அம்மலைகளில் கொழுந்து பறித்தவர்களின் சரித்திரம் எந்தப் பாடத்திலும் வரவில்லை.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும் கணக்குப் போட்டார்கள். தலைமுறைகளாகத் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் இதே நிலையங்களில் மூட்டை முடிச்சோடு ஏறினார்கள், தலைமன்னார்த் துறைக்கு. அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை. ஏறியவர்களும் அழுதார்கள், மேடையில் நின்றவர்களும் அழுதார்கள். “ஒப்பாரிக் கோச்சி” என்று அதற்குப் பெயர் வைத்தது மலையகம். இச்சபையிலுள்ள பெரியவர்களில் சிலர் அப்படி யாரையேனும் வழியனுப்பியிருக்கலாம். அவர்கள் வாய்திறந்து சொன்னால் எழுதிக்கொள்ள நாம் ஆயத்தமாயிருக்கிறோம்.

எந்த வகுப்பில் போவது? குளிரூட்டிய பெட்டியில் சன்னல் திறவாது. மூன்றாம் வகுப்பே நமக்கு ஏற்றது. கடலை வடை வரும், தோட்டத்து மக்களோடு பேச்சும் வரும். வாசற்படியில் தொங்கிப் படம் பிடிக்கும் சாகசம் மட்டும் வேண்டாம்; அதில் உயிர் போனவர்கள் உண்டு.

2025 நவம்பரில் டித்வா புயல் இப்பாதையைப் பல இடங்களில் மண்சரிவால் உடைத்தது. எனவே எதுவரை கோச்சி ஓடுகிறதென்று நிலைய அதிபரிடம் விசாரித்த பின்னரே நாள் குறிப்போம். வர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கலாம். பெரியவர்களுக்குச் சன்னலோர ஆசனம் நாம் பிடித்துத் தருவோம்.