மலையோடு வீடும் வரட்டும்

(மாவட்ட அளவிலான பணியிடைப் பயிற்சியில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



களப்பயணம் போகும்போது மாணவர்களை நிலக்காட்சிகளைப் படமெடுக்கச் செய்வது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒளிப்படக் கலைஞன் அல்லன். சமூக அறிவியல் ஆசிரியன். பன்னிரண்டு ஆண்டுகளாகக் கைப்பேசியில் அண்ணாமலையைப் படமெடுத்து வருகிறேன், அவ்வளவுதான். திருவண்ணாமலையில் வேலை பார்த்துக்கொண்டு அந்த மலையைப் படமெடுக்காமல் இருப்பது சிரமம்.

பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான்: நேரில் அவ்வளவு பெரிதாக நிற்கிற மலை, கைப்பேசியில் ஏன் சின்ன மேடாகிவிடுகிறது? கைப்பேசியின் வில்லை அகலமான பரப்பைப் பிடிக்கும். அதனால் தொலைவில் இருப்பது சிறுத்துப்போகும். இரண்டு மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொண்டு, முன்னால் உள்ள மரமும் வேண்டுமென்றால் சற்றுப் பின்னால் நடந்து போய் எடுக்கச் சொல்லுங்கள். அளவு தெரிய ஓர் ஆளோ மாடோ பனைமரமோ படத்தில் இருக்கட்டும்.

வெளிச்சத்துக்கு நம் ஊரே பாடம். கோயிலும் நகரமும் மலைக்குக் கிழக்கே இருக்கின்றன. காலையில் எடுத்தால் 217 அடி ராஜகோபுரமும் பின்னால் மலையும் துலக்கமாக வரும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதால் மலை வெறும் கரிய உருவமாகத்தான் விழும். மாலை வெயில் பட்ட சரிவைப் பார்க்க மேற்கே அடி அண்ணாமலைப் பக்கம் போக வேண்டும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடக்க நடக்க மலையின் உருவம் மாறிக்கொண்டே வரும். எல்லாம் ஒரே மலைதான் என்றால் வெளியூர்ப் பிள்ளைகள் நம்புவதில்லை. திசைகள் பாடத்தை இதைவிட நன்றாக நடத்த என்னால் முடிந்ததில்லை.

இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது ஒரு தவறைப் பற்றி. என் தவறு.

2022-இல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், ஆளுக்கொரு மலைப்படம் எடுத்துவரச் சொன்னேன். மலையடிவாரத் தெரு ஒன்றில் குடியிருக்கும் மாணவி கேட்டாள்: "சார், எங்க தெருவையும் சேத்து எடுக்கட்டுமா?"

"வீடெல்லாம் வேணாம்மா. மலை மட்டும் வர்ற மாதிரி எடு."

அவள் இரண்டு படம் எடுத்து வந்தாள். நான் சொன்னபடி ஒன்று, அவள் விருப்பப்படி ஒன்று. முதல் படம் தகவல் பலகைக்குப் போனது. இரண்டாவதில் தண்ணீர்த் தொட்டி, மின்கம்பி, கொடியில் காயும் பள்ளிச் சீருடை, அதற்கு மேலே சரிவில் பாறைகள். அழகாக இல்லை என்று ஒதுக்கி வைத்தேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கொட்டிய மழையில் மறுநாள் டிசம்பர் 1 அன்று அண்ணாமலைச் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் வ.உ.சி. நகர் வீடுகள் மேல் விழுந்தன. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த ஆண்டு மகா தீபத்துக்கு மலையேறப் பக்தர்களுக்கு அனுமதி இல்லை என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

மீண்டும் வகுப்பு நடந்த அன்று ஒரு பையன் கேட்டான்: "அந்தப் பாறை முன்னாடியே அங்க இருந்துச்சா சார்?"

பதில் சொல்லக் கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு ஆண்டுப் படங்கள். கோபுரம் இருக்கிறது, மேகம் இருக்கிறது, பௌர்ணமி நிலா இருக்கிறது. மலையடிவாரத்தில் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. வீடுகள் தெரியாதபடி ஒவ்வொரு முறையும் ஒதுங்கி ஒதுங்கி நின்றிருக்கிறேன். வீடும் பாறையும் ஒன்றாக இருந்த ஒரே படம் அந்த மாணவியின் இரண்டாவது படம். அது வேறு தெரு, ஆகவே பையனின் கேள்விக்கு அதில் விடை இல்லை. ஆனாலும் அதை வைத்துத்தான் பாறைகளுக்கு இடையில் உள்ள மண், நீர் ஊறினால் எப்படிக் கனத்துப் பிடிப்பை இழக்கிறது என்று விளக்கினேன். படம் இருந்திருந்தால் உயிர்கள் பிழைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஒரு குழந்தையின் கேள்விக்கு நம்மிடம் ஆதாரம் இல்லாமல் போனதைச் சொல்கிறேன்.

இந்த இடத்தில் நம் ஊருக்கு வந்த ஒருவரை நினைக்கிறேன். ஆன்றி கார்த்தியே-பிரெசோன், உலகப் புகழ்பெற்ற பிரெஞ்சு ஒளிப்படக்காரர். 1950 ஏப்ரல் 14 அன்று, ரமண மகரிஷி மறைந்த இரவில், அவர் திருவண்ணாமலையில் இருந்தார். வானத்தில் வால்கொண்ட ஓர் ஒளி மெதுவாக நகர்ந்து மலைக்குப் பின்னால் மறைந்ததைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். உடனே கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார்: 8.47. அந்த ஒளியை அவர் எடுத்த படம் என்று ஒன்றை நான் கண்டதில்லை. அவருடைய சொற்கள்தான் கிடைக்கின்றன. எங்கே நின்றார், எந்தப் பக்கம் பார்த்தார், மணி என்ன என்பது அந்தச் சொற்களில் இருக்கிறது. நம் பிள்ளைகளின் படங்களில் பெரும்பாலும் இல்லாதது அதுதான்.

இப்போது எங்கள் பள்ளியில் சுற்றுச்சூழல் மன்றப் பிள்ளைகள் மூன்று இடங்களைத் தேர்ந்திருக்கிறார்கள். தரையில் சுண்ணாம்பால் கால் வைக்கும் இடத்தைக் குறித்திருக்கிறோம். மாதத்தின் முதல் திங்கள் காலை, அதே இடம், அதே உயரம், அதே திசை. படத்தின் கீழே தேதி, நேரம், எடுத்தவர் பெயர். இது நாம் கண்டுபிடித்த முறை அல்ல. 1880-களின் இறுதியிலேயே செபாஸ்டியன் ஃபின்ஸ்டர்வால்டர் என்ற ஜெர்மானியர் ஆல்ப்ஸ் மலைப் பனியாறுகளை இப்படி ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்பப் படமெடுத்திருக்கிறார்.

பிள்ளைகள் என்னவெல்லாம் பார்க்கிறார்கள் என்றால், மழைக்குப் பின் பாறையில் நீர் வழிந்த வெள்ளைக் கோடுகள் எங்கே விழுகின்றன, கோடையில் காய்ந்த புல் எங்கே தீப்பிடித்துக் கறுத்தது, எந்தச் சரிவு மறுபடி எப்போது பச்சையானது. ஒரு சிறுவன் மூன்று மாதப் படங்களை வரிசையாக வைத்து, "சார், இந்த மரம் காணோம்" என்றான். எனக்குத் தெரியவே இல்லை.

இரண்டு எச்சரிக்கைகள். வீடுகளை எடுக்கும்போது வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். முகங்கள் வேண்டாம். அடுத்து, படத்துக்காக யாரும் சரிவில் ஏறக் கூடாது. ஜவ்வாது மலைக்கு அழைத்துப் போனாலும் அருவிப் பாறையில் நின்று எடுப்பதற்கு இடமே தராதீர்கள். தரையில் நின்று எடுக்க முடியாத படம் நமக்குத் தேவையில்லை.

அந்த மாணவி இப்போது மேல்நிலை வகுப்பில் இருக்கிறாள். இரண்டாவது படத்தைப் பலகையில் வைக்கட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "வைங்க சார், ஆனா அந்தச் சீருடை என் தம்பியோடது, அவன் பேரையும் போடணும்" என்றாள். போட்டிருக்கிறோம்.