நிர்வாகக்குழுவிற்கு எத்தகைய அனுபவம் வேண்டும்?

(நம் அறக்கட்டளையின் மகாவீர ஜயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்னும் சில திங்களில் நம் அறக்கட்டளையின் நிர்வாகக்குழுவைப் புதிதாகத் தேர்ந்தெடுக்க இருக்கிறோம். அனுபவம் உடையோர் முன்வர வேண்டும் என்று அறிவிப்பில் எழுதுவது நம் வழக்கம். அனுபவம் என்னும் அச்சொல்லுக்கு இதுவரை நாம் கொண்ட பொருள் யாது? ஓய்வுபெற்ற அதிகாரி, வங்கி மேலாளர், வழக்கறிஞர், பொருள் படைத்த வணிகர் ஆகியோரையே அச்சொல் குறித்து வந்திருக்கிறது. கணக்குத் தணிக்கையாளன் என்னும் தகுதியால் நானும் அவ்வாறே பன்னிரண்டு ஆண்டுகள் அக்குழுவில் அமர்ந்திருக்கிறேன். ஆதலின், அச்சொல்லை ஆராயும் கடமை முதலில் எனக்கே உரியது.

இவ்வாராய்ச்சிக்கு எனக்குத் துணையாவது குமரி மாவட்டத்துக் கடற்கரையில் நான் கண்ட ஒரு கூட்டுறவு முயற்சி. நம்மிற் பலர் சிதறால் மலைக்கு யாத்திரை சென்றிருப்பீர்கள். திருச்சாரணத்துமலை என்று பழங்கல்வெட்டு கூறும் அம்மலையில், பாறையிற் செதுக்கிய தீர்த்தங்கரர் திருவுருவங்களை வணங்கியிருப்பீர்கள். அதே மாவட்டத்தின் கடலோரத்தில், குளச்சலுக்கும் முட்டத்திற்கும் இடையில் உள்ளது மணவாளக்குறிச்சி. கடல்மணலிலிருந்து இல்மனைட், மோனசைட் முதலிய கனிமங்களைப் பிரித்தெடுக்கும் ஆலையால் வெளியுலகம் அறிந்த ஊர் அது. பணி நிமித்தம் சில ஆண்டுகள் நான் அங்குத் தங்கியிருந்தேன். அவ்வூரை அடுத்த கடற்கரைச் சிற்றூர்களில் வாழ்வோர் பெரும்பாலும் மீனவர்.

இங்கு ஒன்றைத் தெளிவாகக் கூறிவிட வேண்டும். மீன்பிடித்தல் சிராவகர்க்கு விலக்கப்பட்ட தொழில். அதனைப் புகழ நான் வரவில்லை. நம் விரதத்தில் அணுவளவும் தளர்ச்சி வேண்டும் என்றும் கூறவில்லை. எனினும், வறிய மாந்தர் கடன் என்னும் தளையிலிருந்து எவ்வாறு மீண்டனர் என்பதைக் கற்க நமக்குத் தடையில்லை. நல்ல முறை எங்கே காணப்பட்டாலும் ஏற்பதே அனேகாந்தம் கற்றோர்க்கு அழகு.

அக்கடற்கரையின் பழைய நிலை இது. படகும் வலையும் வாங்கப் பணம் இல்லாதவன் வணிகரிடமோ தரகரிடமோ கடன் பெறுவான். கடன் கொடுத்தவருக்கு வட்டியோடு மற்றோர் உரிமையும் உண்டு. அவன் கரைக்குக் கொண்டுவருவதனைத்தையும் விற்கும் உரிமை. விலையைச் சொல்பவர் அவர். எடையைச் சொல்பவர் அவர். கணக்கை எழுதுபவரும் அவரே. கடன் தீர்ந்தால் அவ்வுரிமை போய்விடும் ஆதலால், கடன் தீராதிருப்பதே அவருக்கு ஆதாயம். இதனால் பாடுபட்டவன் வாழ்நாள் முழுதும் கடனாளியாகவே இருந்தான். கள்ள எடையும் கள்ள அளவும் அசௌரிய விரதத்தின் அதிசாரங்கள் என்று நம் ஆசிரியர்கள் வகுத்ததன் காரணத்தை அங்கே கண்கூடாகக் காணலாம்.

இந்நிலையை மாற்றும் முயற்சி, திருவனந்தபுரத்தை அடுத்த மரியநாடு என்னும் கடற்கரை ஊரில் வேர்கொண்டு, குமரிக் கரைக்கும் பரவியது. ஊர்தோறும் மீனவர் சங்கம்; சங்கங்கள் சேர்ந்த மாவட்டக் கூட்டமைப்பு; அவற்றின் மேல் 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு. சிஃப்ஸ் என்னும் சுருக்கப் பெயரால் அதனைக் கடற்கரை முழுதும் அறிவர். கரையில் நடக்கும் முதல் விற்பனையைச் சங்கமே ஏலமிட்டு நடத்தும். விற்ற தொகையில் ஒரு பங்கு கடனுக்கும், ஒரு பங்கு உறுப்பினரின் சேமிப்புக்கும், ஒரு சிறு பங்கு சங்கத்தின் செலவுக்கும் பிடிக்கப்பெறும். வருவாய் உள்ள நாளில் மிகுதியும், இல்லாத நாளில் ஒன்றுமின்றியும் கடன் அடையும்.

இவற்றினும் என் கருத்தைக் கவர்ந்தது உறுப்பினர் பற்றிய விதி. கடலுக்குச் செல்பவரே உறுப்பினராகலாம். வணிகருக்கும் தரகருக்கும் இடமில்லை. ஊர்ச் சங்கத்தின் நிர்வாகக்குழுவும் அவர்களிலிருந்தே அமையும். படித்தவர்களைப் பணியாளராக அமர்த்தலாம். ஆளும் இருக்கை, இடர்ப்பட்டவருக்கே உரியது.

அத்தகைய ஊர்ச் சங்கம் ஒன்றின் கணக்கை விளக்கிச் சொல்ல ஒருமுறை என்னை அழைத்திருந்தனர். எஞ்சின் வாங்கக் கடன் கோரிய ஒருவரின் விண்ணப்பம் வந்தது. பேரேட்டைப் பார்த்தேன், ஆறு மாதங்களாக அவர் செலுத்திய தொகை மிகக் குறைவு. மறுத்துவிடலாம் என்றேன். குழுவில் முதியவர் ஒருவர் இருந்தார். அவர் மெல்லக் கேட்டார்: "ஐயா, அந்த ஆறு மாசத்தில அவன் எத்தனை நாள் கடலுக்குப் போனான்னு உங்க கணக்கில இருக்கா?" இல்லை. எஞ்சின் பழுதுற்றதால் அவர் பாதி நாள் கரையிலேயே இருந்தார் என்பதும், சென்ற நாட்களில் ஒன்றைக்கூட மறைத்து வேறிடத்தில் விற்கவில்லை என்பதும் அம்முதியவருக்குத் தெரிந்திருந்தது. கடன் வழங்கப்பட்டது, பின்னர் முறையாக அடைந்தும் விட்டது. என் பேரேடு பொய் கூறவில்லை. ஆனால் அது கூறாத உண்மையைக் கூறுவதற்கு அந்நாற்காலியில் ஒருவர் இருந்தார்.

இது கடற்கரைக்கு மட்டும் உரிய ஞானம் என்று எண்ண வேண்டா. 1890களில் சென்னை மாகாண அரசுக்காக வேளாண் கடன் நிலையை ஆராய்ந்த பிரெடரிக் நிக்கல்சன், ஜெர்மனியில் ரைஃபைசன் கண்ட முறையையே இங்குப் பரிந்துரைத்தார். சங்கத்தின் எல்லை சிறிதாக இருக்க வேண்டும்; உறுப்பினர் ஒருவரையொருவர் அறிந்தவராக இருக்க வேண்டும்; குழுவினர் ஊதியமின்றிப் பணியாற்ற வேண்டும் என்பன அம்முறையின் அடிப்படைகள். அயலாரின் நாணயத்தை அறிந்திருத்தலே அங்குக் குழுவினரின் முதன்மைத் தகுதி. 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தின்பின், நாட்டின் முன்னோடிச் சங்கங்கள் திரூரிலும் நம் காஞ்சிபுரத்திலும் தோன்றிய வரலாற்றை நீங்கள் அறிவீர்கள்.

பட்டறிவு கல்வியறிவைத் திருத்துவதற்கும் ஒரு சான்று கூறுவேன். கட்டுமரத்திற்கு ஏற்ற மரம் அருகி விலை ஏறிய காலத்தில், முட்டத்தில் ஒரு படகு கட்டும் நிலையம் அமைந்தது. ஒட்டுப்பலகையாற் படகு செய்யும் முறையை அங்கு வகுத்தவர்களுள் பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜில்லே ஒருவர். அலை மோதும் திறந்த கரையிலிருந்து படகைக் கடலில் இறக்குவதன் இடர்ப்பாடு வரைபடத்திற்கு எளிதில் விளங்குவதில்லை. ஏறிச் செல்பவர் கூறிய குறைகளைக் கேட்டுக் கேட்டு வடிவைத் திருத்திய பின்னரே அப்படகுகள் ஏற்கப்பெற்றன. அவ்வனுபவத்தை அவர் ஒரு நூலாக எழுதினார். சிறியதைச் செய்வது கடினம் என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டார்.

அவ்வாறாயின் கற்றோர் வேண்டாவோ எனில், வேண்டும். இடர்ப்பட்டோரின் அறிவுக்கும் எல்லை உண்டு. உறவினருக்குச் சலுகை காட்டும் இயல்பு அங்கும் இருந்தது. கணக்கைப் படிக்க இயலாமையால் எழுத்தரின் சொல்லை அப்படியே நம்பும் நிலையும் இருந்தது. குஜராத்தின் ஆனந்த் நகரைப் பாருங்கள். 1946இல் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் சங்கத்தை அமைத்துத் தலைமை ஏற்றவர் திரிபுவன்தாஸ் படேல். விடுதலைப் போராட்ட வீரராகிய அவருக்கு ஊர்தோறும் உழவரின் நம்பிக்கை இருந்தது. 1949இல் அவ்வூருக்கு வந்த வர்கீஸ் குரியனிடம் பொறியியல் அறிவு இருந்தது. உழவரின் குழு ஆண்டது; வல்லுநர் பணி செய்தார். இருவரும் தத்தம் எல்லையை அறிந்திருந்தமையாலேயே அது வளர்ந்தது.

அரசமைப்பின் 97ஆம் திருத்தம் 2011இல் நிறைவேறியபோதும் இக்கருத்தே விதியாயிற்று. இயக்குநர் 21 பேருக்கு மேற்படலாகாது. அவர்களுள் பெண்களுக்கு இரண்டு இடங்களும், பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர்க்கு ஓர் இடமும் உண்டு. வங்கி, மேலாண்மை, நிதி முதலியவற்றில் அனுபவம் உடையோர் இருவரைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அவ்விருவருக்கும் சங்கத் தேர்தலில் வாக்கில்லை, பொறுப்பாளர் பதவிக்கும் உரிமையில்லை. மாநில எல்லைக்குட்பட்ட சங்கங்களுக்கு அப்பகுதி செல்லாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலங்களின் ஒப்புதல் பெறாமையே அதற்குக் காரணம். வல்லுநர் அருகிலிருந்து துணை செய்யட்டும், ஆட்சி உறுப்பினரிடமே இருக்கட்டும் என்ற நெறியைத் தீர்ப்பு குறைகூறவில்லை.

இனி நம் இல்லத்திற்கு வருவோம். நம் அறக்கட்டளை ஆண்டுதோறும் மாணவர்க்குக் கல்வி உதவித்தொகை வழங்குகிறது. பல ஆண்டுகளாக அதனை இம்மேடையில், மகாவீர ஜயந்தி நாளில் வழங்கினோம். பெரியோர் கையால், கரவொலிக்கிடையே பெறுவது சிறப்பு என்று எண்ணினோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய், தொகையைப் பெற்ற பின் என்னிடம் வந்து கைகூப்பி, "ஐயா, இதை ஜூன் மாசமே கொடுத்தா நகையை அடகு வைக்காம இருந்திருப்பேன்" என்றார். கல்லூரிக் கட்டணம் ஆண்டின் தொடக்கத்தில். நம் உதவியோ ஒன்பது மாதம் கழித்து. நாம் அளித்த தொகையில் பெரும்பகுதி படிப்புக்குச் செல்லாமல் வட்டிக்குச் சென்றிருக்கிறது. கணக்கு ஒவ்வோர் ஆண்டும் பிழையின்றி இருந்தது. தணிக்கை செய்து ஒப்பமிட்டவன் நானே. வங்கி அனுபவமும் அரசுப் பணி அனுபவமும் அக்குழுவில் நிறைந்திருந்தன. பிள்ளையின் கட்டணத்திற்காக அடகுக்கடை வாயிலில் நின்ற அனுபவம் மட்டும் ஒருவரிடத்தும் இல்லை. அன்றிரவு மணவாளக்குறிச்சியும், என் பேரேட்டை வென்ற அம்முதியவரும் என் நினைவுக்கு வந்தனர்.

பொருளுக்குப் பல தன்மைகள் உண்டு, ஒருவர் காண்பது ஒரு பக்கமே என்பது நம் சமயம் உலகுக்கு ஈந்த பேருண்மை. அதனை மேடைகளிற் பேசுகிறோம். ஆனால் ஒரே பக்கத்தைக் காணும் ஒன்பது பேரை ஒரு குழுவில் அமர்த்துகிறோம். உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாதலே அவற்றின் இயல்பு என்று தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. துணை என்பது மேலிருந்து கீழே வழங்குவது மட்டும் ஆகாது. கீழிருப்பவர் அறிந்ததை மேலிருப்பவர் கேட்டுக்கொள்வதும் துணையே.

பெண்களைப் பற்றி ஒன்று. நம் சங்கம் முனிவர், ஆர்யிகையர், சிராவகர், சிராவகியர் என நால்வகைப்பட்டது. அதிற் பாதி பெண்கள். ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், அரட்டநேமி படாரரின் மாணாக்கியாகிய குணந்தாங்கிக் குறத்திகள் திருச்சாரணத்துமலைக்குப் பொன்னணி அளித்ததைச் சிதறால் கல்வெட்டு கூறுகிறது. கழுகுமலைக் கல்வெட்டுகளிலும் குறத்தியர் பலர் பெயர் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பாறையில் இடம்பெற்ற பெண்களுக்கு, இன்று நம் நிர்வாகக்குழுவின் பதிவேட்டில் இடமில்லை.

ஆதலின் உங்கள் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன். நம் உதவித்தொகையால் படித்து வேலைக்குச் சென்ற ஒருவர் குழுவில் இடம்பெற வேண்டும். ஜினாலய நிலத்தை உழுது அதன் வறட்சியையும் வெள்ளத்தையும் அறிந்த ஒருவர் இடம்பெற வேண்டும். பெண்கள் குறைந்தது இருவரேனும் இடம்பெற வேண்டும். விருந்தோம்பல் குழுவில் அல்ல, நிதிக் குழுவில். என்னைப் போன்ற தணிக்கையாளரும் வழக்கறிஞரும் அழைக்கும்போது வந்து ஆலோசனை கூறிச் செல்லட்டும். வாக்கு உறுப்பினரிடம் இருக்கட்டும். ஆண்டுக் கணக்கை எளிய தமிழில் பொதுக்கூட்டத்தில் வாசித்து விளக்கும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம்.

இக்கருத்தைக் கூறிவிட்டு நாற்காலியைப் பற்றியிருப்பது முறையன்று. பரிக்கிரக பரிமாணம் பொருளுக்கு மட்டுமன்றிப் பதவிக்கும் பொருந்தும் என்று கருதுகிறேன். எனவே வரும் தேர்தலில் நான் நிற்கப்போவதில்லை. இவ்வாண்டிலிருந்து உதவித்தொகை ஜூன் முதல் வாரத்திலேயே மாணவரின் வங்கிக் கணக்கிற் சேரும் என்னும் தீர்மானத்தை, என் இறுதிக் கூட்டத்தில் முன்மொழிந்து நிறைவேற்றியிருக்கிறோம். கரவொலி இராது, அடகுச் சீட்டும் இராது.

அன்று என்னிடம் பேசிய அத்தாய் இவ்வவையில் இருக்கிறார். அவர் பெயரை நான் கூறப்போவதில்லை. வேட்பு மனு அளிக்கும் நாளில் அவரே வந்து கூறுவார் என்று நம்புகிறேன்.

அறம் வளர்க. ஜெய் ஜினேந்திரா.