தொட்டியில் இறங்குமுன் கணக்குப் பார்ப்போம்
(வாணியம்பாடி ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பாதுகாப்புக்குச் செலவழித்தால் என்ன லாபம், பாஸ்டர் ஐயா?" என்று டேனரி நடத்துகிறவர்கள் எங்களைக் கேட்பதுண்டு. கணக்காகவே பதில் சொல்கிறோம்.

சுண்ணாம்புக் குழியின் சல்பைடு நீரோடு அமிலக் கழிவு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழும்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். வாயு மிகுந்தால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. விழுந்தவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார்.

தொட்டிக்கு வெளியே இருப்பவருக்கும் ஆபத்துண்டு. 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத்தொட்டிச் சுவர் உடைந்து, அருகே உறங்கிய 10 தொழிலாளர்கள் மாண்டார்கள்.

பாதாளச் சாக்கடை மரணத்துக்கு உச்ச நீதிமன்றம் 2014இல் விதித்த இழப்பீடு 10 லட்சம் ரூபாய். 2023இல் 30 லட்சம். இழப்பீடு போக, ஆலை மூடல், வழக்கு, தவறிப்போன ஏற்றுமதி ஆர்டர் வேறு. எதிர்ப்பக்கத்தில் எழுத வேண்டியவை: வாயு அளக்கும் கருவி, காற்றூதி, இடுப்புக் கயிறு, மேலே காவல் நிற்க ஓர் ஆள். எது மலிவு?

உங்கள் காணிக்கையால் மூச்சுத் திணறி வருகிறவருக்குப் பிராணவாயு கொடுக்கிறோம். தொட்டியிலேயே மாண்டவருக்கு எங்கள் வார்டில் செய்ய ஒன்றுமில்லை. உங்கள் சபையில் முதலாளியோ மேஸ்திரியோ இருந்தால், இந்தக் கணக்கை அவரிடம் காட்டுங்கள். அதுவும் எங்களுக்குப் பெரிய காணிக்கையே.