கிந்தாவின் பருந்துகளும் மண்ணுக்குள் கிடக்கும் உலோகமும்



இரைகொல்லிப் பறவைகளின் உடலில் சேரும் கன உலோகங்களைப் பற்றி இரண்டு நாள் கூடிப் பேச ஈப்போவைவிடப் பொருத்தமான ஊர் அமைவது அரிது. இங்கிருந்து கிந்தா பள்ளத்தாக்கில் பத்து காஜா பக்கமோ கம்பார் பக்கமோ போனால் வழியெல்லாம் ஈயக்குட்டைகள். 1985 அக்டோபரில் உலக வெள்ளீயச் சந்தை சரிந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. தோண்டிய குழிகளில் தண்ணீர் நின்றது. இன்று அங்கே தாமரை பூக்கிறது, திலாப்பியா வளர்கிறது, நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. மேலே செம்பருந்து வட்டமிடுகிறது. வடக்கே பனி கொட்டும் மாதங்களில் விராலடிப்பானும் வந்து மீன் பிடிக்கிறது.

பார்க்க அழகுதான். ஆனால் கிந்தாவின் வெள்ளீயத் தாது தனியாகக் கிடைத்ததில்லை. பல இடங்களில் ஆர்செனிக் கனிமத்தோடு சேர்ந்தே வந்தது. கழுவி ஒதுக்கிய மணலில் அதன் மிச்சம் தங்கிவிட்டது. ரப்பர்த் தோட்டங்களும் தம் பங்குக்குச் சேர்த்தன. லாலான் புல்லை ஒழிக்கவும், வயதான பால்மரங்களைச் சாகடித்து மறுநடவு செய்யவும் சோடியம் ஆர்செனைட்டைத்தான் பயன்படுத்தினார்கள். மருந்து பட்ட புல்லை மேய்ந்த மாடுகள் செத்தன. 1960-களில் பாராகுவாட் என்ற களைக்கொல்லி வந்த பிறகுதான் ஆர்செனைட் ஒதுங்கியது. அந்த ஆர்செனிக் மருந்தைச் சுமந்து அடித்தவர்களில் நம் பாட்டன் பாட்டிமாரும் உண்டு.

ஆகவே ‘ஆர்செனிக், ஆர்செனிக்’ என்று இரண்டு நாளும் இந்த மண்டபம் முழங்கும் என்று எதிர்பார்க்கிறேன். அதற்கு முன் ஒரு மறுப்பைப் பதிவு செய்கிறேன். மண்ணில் இருப்பதெல்லாம் பருந்துக்குப் போய்ச் சேர்வதில்லை. ஆர்செனிக் உணவுச் சங்கிலியில் மேலே போகப் போகப் பெருகும் பொருளன்று. காட்மியம் சிறுநீரகத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கும். அதையும் பார்க்க வேண்டும். என்றாலும் வேட்டைப் பறவையைக் கொல்வதில் முன்னணியில் நிற்பவை காரீயமும் பாதரசமும். இரண்டும் வரும் வழி வேறு வேறு.

காரீயம் துகளாக வருகிறது. தோட்டத்தில் காட்டுப்பன்றியைச் சுடுகிறார்கள். இறைச்சியை எடுத்துக்கொண்டு குடலை அங்கேயே போட்டுவிடுகிறார்கள். குண்டு சிதறிய குடலைப் பறவை விழுங்கினால், அதன் வயிற்று அமிலத்தில் காரீயம் கரைந்து இரத்தத்தில் கலக்கிறது. சிறகு தொங்கிப்போகிறது, இரை செரிப்பதில்லை, சில நாளில் முடிந்துவிடுகிறது. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் மான் வேட்டைக்காரர்கள் விட்டுச்சென்ற சடலங்களைத் தின்று ஸ்டெல்லர் கடல்கழுகுகள் இப்படித்தான் மடிந்தன. அங்கே 2000-ஆம் ஆண்டு முதல் மான் வேட்டைக்குக் காரீயத் தோட்டா கூடாதென்று தடை போட்டார்கள். செம்புத் தோட்டா இருக்கும்போது இங்கும் அதைச் செய்வதற்கு என்ன தயக்கம்?

பாதரசம் பொறுமைசாலி. நிலக்கரி எரியும்போது காற்றில் ஏறி, மழையோடு இறங்கி, காற்றோட்டமற்ற குட்டைச் சேற்றில் நுண்ணுயிர்களால் மெதில் பாதரசமாகிறது. சிறுமீன், பெருமீன், பறவை என்று படிக்குப் படி பெருகுகிறது. மஞ்சோங் கரையில் நிலக்கரி மின்நிலையம் இருக்கிறது; குட்டைகளில் சேறு இருக்கிறது; மீன் தின்னும் பருந்தும் இருக்கிறது. அளந்து பார்க்க இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

அளப்பதற்குப் பறவையைக் கொல்ல வேண்டாம். இறகு முளைக்கும் நாட்களில் இரத்தத்திலிருக்கும் பாதரசம் அதில் ஏறிக்கொள்ளும். வளர்ந்து முடிந்ததும் அப்படியே நின்றுவிடும். ஸ்வீடனில் அருங்காட்சியகக் கோஷாக் பருந்துகளின் இறகுகளைச் சோதித்தபோது, பல பத்தாண்டுகளாகச் சீராக இருந்த பாதரச அளவு 1940-க்குப் பின் சட்டென்று ஏறியிருந்தது. விதைக்குப் பூசிய பாதரச மருந்தே காரணம் என்று தெரிந்து, 1966-இல் அதைத் தடை செய்தார்கள். நமக்கும் தைப்பிங்கில் 1883-இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் மாணவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அக்காலத்தில் பறவைத் தோலை ஆர்செனிக் சோப்புத் தடவியே பதப்படுத்தினார்கள்; சில இடங்களில் பாதரச உப்பும் பூசினார்கள். பழைய இறகில் ஆர்செனிக்கை அளந்தால் பதப்படுத்தியவரின் கைதான் தெரியும். பாதரசத்திலும் மெதில் வடிவத்தை மட்டும் பிரித்து அளக்க வேண்டும்.

குட்டைக்குப் பருந்து என்றால் தோட்டத்துக்குக் கூகை. ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் எலி பெருகியது. எலியைப் பிடிக்கக் கூகைக்குப் பெட்டி வைத்தார்கள். அது அலறினால் சாவு வரும் என்று லயத்தில் கல்லெடுத்து விரட்டிய பறவைக்கு நிர்வாகமே வீடு கட்டிக் கொடுத்தது! ஆனால் வார்ஃபரினை விட்டு வீரியம் கூடிய எலி மருந்துகளுக்கு மாறிய தோட்டங்களில் கூகைகள் குறைந்துபோனதை 1984-லேயே டக்கெட் என்ற ஆய்வாளர் எழுதிவிட்டார். எலி மருந்து உலோகமில்லை. என்றாலும் தோட்டத்து நஞ்சு கூகைக்கு எவ்வளவு விரைவில் போய்ச் சேரும் என்பதற்கு அதுவே சாட்சி. பெட்டிக்கு அடியில் உதிர்ந்த இறகும் கூகை கக்கிய எலும்பு உருண்டையும் கிடக்கும். குனிந்து எடுக்க ஆள்தான் வேண்டும். எந்தப் பெட்டியில் குஞ்சு இருக்கிறது என்பது பல்கலைக்கழகத்தைவிடத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவருக்கு நன்றாகத் தெரியும். அவரை ஆய்வுக்குழுவில் சேருங்கள். கட்டுரையில் பெயரும் போடுங்கள்.

2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காக்கப்பட்ட பறவையின் இறகை வைத்திருக்கவும் அனுமதி வேண்டும். அதற்கான கூட்டு விண்ணப்பத்தை இந்த இரண்டு நாளுக்குள் எழுதி, நாளை மாலை கலைவதற்குள் எல்லாரும் கையெழுத்திட்டு வனவிலங்கு இலாகாவுக்கு அனுப்பிவிடுவோம். முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.